கட்டுரையில் யாருடைய பெயர்? மலையக ஆய்விதழ் ஒன்றில் கற்றவை

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தைப் பற்றிய ஆய்வுகளுக்கு இன்று பஞ்சமில்லை. சம்பளம், லயன் எனப்படும் வரிசை வீடு, இரத்தச்சோகை, பள்ளி இடைவிலகல், குடிப்பழக்கம், வெளிநாட்டு வேலை என்று எதை எடுத்தாலும் யாராவது ஒருவர் வினாக்கொத்தோடு வந்து போயிருப்பார். எம் மக்கள் இந்தியாவிலிருந்து இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். அதற்குப் பிறகு இந்த வரத்து இன்னும் கூடியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை பிரதான வீதியை ஒட்டிய தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள். "வந்தாங்க, கேட்டாங்க, எழுதிக்கிட்டுப் போனாங்க" என்பார்கள். போன பிறகு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியாது. மழை பெய்தால் முச்சக்கரவண்டிகூட ஏறாத, தோட்டத்தின் பிரிவுகளான உள் டிவிஷன்களுக்கு அதிகம் பேர் போவதில்லை. ஆனாலும் கட்டுரையில் "மலையகத் தொழிலாளர்கள்" என்று எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறார்கள்.

நான் இந்த வேலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவள். பட்டம் முடித்த கையோடு பிறருடைய ஆய்வுகளுக்குக் கள உதவியாளராகத் தோட்டம் தோட்டமாக நடந்தேன். இன்று விரிவுரையாளராக இருந்துகொண்டு, தமிழில் வெளிவரும் சிறிய ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் வேலை செய்கிறேன். வருகிற கட்டுரையைப் பதிவதிலிருந்து, அதைப் படித்துத் தரம் சொல்லும் மதிப்பீட்டாளர்களைத் தேடிப் பிடித்து, நினைவூட்டல் அனுப்பி, திருத்தம் வாங்கி, அச்சுப்படி பார்ப்பது வரை நாலைந்து பேர்தான் செய்கிறோம். ஆய்விதழ் நெறிமுறை என்று உலகம் பேசுவதை இந்த மலைக்குள் வைத்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. எங்களிடம் வரும் கட்டுரைகளில் நெறி பிழைப்பது பெரும்பாலும் ஆசிரியர் குழுவின் மேசையில் அல்ல, அதற்கு வெகு முன்பே லயத்து வாசலில். அதை ஆசிரியர் குழு கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கேட்காவிட்டால் கட்டுரையில் அதன் சுவடே இருக்காது.

விதிகள் இல்லாமலில்லை. மருத்துவ ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வன்கூவரில் கூடித் தொடங்கியதுதான் இன்று மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவாக வளர்ந்திருக்கிறது. ஒரு கட்டுரைக்கு யார் ஆசிரியர் என்று அவர்கள் வைத்த வரையறையை மருத்துவத்துக்கு வெளியிலும் பலர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1997இல் பிரித்தானியாவில் ஆய்விதழ் ஆசிரியர்கள் சேர்ந்து அமைத்த வெளியீட்டு நெறிமுறைக் குழுவை 'கோப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எழுத்துத் திருட்டு, ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் வெளியிடுவது, பெயரில் தகராறு, மதிப்பீட்டாளரின் முறைகேடு என்று ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் அடுத்தடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை அம்புக்குறி போட்ட படங்களாகவே அவர்கள் இலவசமாகத் தருகிறார்கள். எங்கள் இதழ் அங்கே உறுப்பினர் அல்ல. ஆனாலும் அந்தப் படங்களை அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறோம். சிக்கல் வந்த நாளில் கோபத்தில் எதையும் எழுதிவிடாமல் காப்பாற்றுவது அந்தத் தாள்கள்தான்.

முதலில் பெயர் விஷயத்தைச் சொல்கிறேன். நான் கள உதவியாளராக இருந்தபோது ஒரு குழுவில் வருமானம் பற்றிய ஆய்வு நடந்தது. வினாக்கொத்தில் "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று ஒரே கேள்வி. தோட்டத்தில் இதற்கு நேரான பதில் கிடையாது. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் உள்ள தொகை ஒன்று. முற்பணம், சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயிலுக்குப் பிடிப்பது எல்லாம் கழிந்து கையில் வருவது வேறொன்று. கேட்டால் ஒருவர் முதல் தொகையைச் சொல்வார், அடுத்தவர் இரண்டாவதைச் சொல்வார். இரண்டையும் ஒரே நிரலில் போட்டால் அட்டவணையே பொய். நாங்கள் உதவியாளர்கள் உட்கார்ந்து அதை மூன்றாக உடைத்தோம்: இந்த மாதம் எத்தனை பேர் (ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலைப் பதிவு) போட்டார்கள், என்னென்ன பிடித்தார்கள், கையில் எவ்வளவு வந்தது. கட்டுரையின் முக்கியமான அட்டவணை அந்த மூன்று கேள்வியிலிருந்துதான் பிறந்தது. தோட்டப் பேச்சில் பதிவான நேர்காணல்களை எழுத்தாக்கி, ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்ததும் நாங்களே. கட்டுரை வெளிவந்தபோது எங்கள் யாருடைய பெயரும் ஆசிரியர் வரிசையில் இல்லை, நன்றியுரையிலும் இல்லை. அந்தக் குழுவில் இருந்த இன்னொரு பெண் அதற்குப் பிறகு ஆய்வுப் பக்கமே வரவில்லை. நல்ல ஆய்வாளராக வந்திருக்கக்கூடியவர்.

அந்தச் சர்வதேசக் குழு ஆசிரியர் தகுதிக்கு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ, தரவு திரட்டலிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்கவேண்டும். கட்டுரையை எழுதுவதில் அல்லது ஆழமாகத் திருத்துவதில் பங்கு இருக்கவேண்டும். இறுதிப் பிரதிக்கு ஒப்புதல் தந்திருக்கவேண்டும். கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்கச் சம்மதித்திருக்கவேண்டும்; இது 2013இல் சேர்க்கப்பட்டது. நான்கும் சேர்ந்து வரவேண்டும் என்பதால் "நீ எழுதவில்லையே, பிறகெப்படி ஆசிரியர்?" என்று கள உதவியாளரைக் கழற்றிவிடுவது சுலபம். ஆனால் அதே ஆவணம் இன்னொன்றும் சொல்கிறது. முதல் நிபந்தனையை நிறைவேற்றிய எல்லோருக்கும் எழுதுவதிலும் திருத்துவதிலும் ஒப்புதல் தருவதிலும் பங்கெடுக்க வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. வாய்ப்பைக் கொடுக்காமல் இருந்துவிட்டு, நிபந்தனை நிறைவேறவில்லை என்று சொல்லமுடியாது. இந்த வரியை நான் மாணவர்களிடம் மனப்பாடமாகச் சொல்வேன். அதேபோல, நிதி வாங்கித் தந்ததோ, துறைத் தலைவராக இருந்ததோ, பொதுவாக மேற்பார்வை செய்ததோ மட்டும் ஒருவரை ஆசிரியர் ஆக்காது. அவர்களுக்குரிய இடம் நன்றியுரை.

எங்கள் இதழில் இதைச் செயலில் கொண்டுவர ஒரு சிறிய படிவம் வைத்தோம். கட்டுரையில் பெயருள்ள ஒவ்வொருவரும் தாம் என்ன செய்தார் என்பதைத் தம் கைப்பட ஒரு வரியில் எழுதவேண்டும். பங்களிப்புகளைப் பெயரிட்டுக் குறிக்க 14 வகைப்பாடுகள் கொண்ட முறையொன்று 2014 முதல் உலகில் இருக்கிறது. அதையும் பார்த்துத்தான் எங்களுடையதை எளிதாக்கினோம். படிவம் வந்ததும் தெரிந்துவிடும். ஒருமுறை மூன்றாவது பெயருக்கு நேரே "ஆலோசனை வழங்கினார்" என்று மட்டும் இருந்தது, அதுவும் முதல் ஆசிரியரான மாணவியின் கையெழுத்திலேயே. நான் தொலைபேசியில் கேட்டபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மிஸ், அவரோட பேர் இல்லாட்டி எனக்கு அடுத்த வருஷம் பிரச்சினை வரும்."

இந்த இடத்தில் இதழ் செய்யக்கூடிய பெரிய உதவி, மாணவியின் தோளில் அந்தச் சுமையை வைக்காமலிருப்பது. "உங்கள் மேற்பார்வையாளரின் பெயரை எடுத்துவிட்டு அனுப்புங்கள்" என்று அவருக்கு மட்டும் எழுதினால் அவர் மாட்டிக்கொள்வார். நாங்கள் மூன்று பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பினோம். இது எல்லாக் கட்டுரைக்கும் பொருந்தும் விதி, ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் தரவேண்டும், தகுதி போதாதவர் நன்றியுரையில் குறிப்பிடப்படுவார் என்று எழுதினோம். மூன்றாமவர் தானாகவே நன்றியுரைக்கு மாறச் சம்மதித்தார். விதி எல்லோருக்கும் ஒன்று என்று தெரியும்போது பெரியவர்களுக்கும் விலகுவது லேசாகிறது.

களத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வேலை தொடங்கும் முன்பே பெயர் பற்றிப் பேசுங்கள். பேசி முடிந்த அன்றிரவே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "சேர், இன்று நாம் பேசியபடி தரவு திரட்டலிலும் எழுத்தாக்கத்திலும் நான் ஈடுபடுகிறேன், கட்டுரையின் வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பும் எனக்குத் தரப்படும் என்று புரிந்துகொண்டேன்." சண்டைக்கான கடிதம் அல்ல அது. ஆனால் திகதி போட்ட அந்த ஒரு மின்னஞ்சல் இருந்தால், பின்னால் ஆசிரியர் குழுவுக்கு எழுதும்போது உங்கள் சொல்லுக்கு ஆதாரம் இருக்கும்.

அடுத்தது சம்மதம். என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான்.

எங்களிடம் வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் "பங்குபற்றிய அனைவரினதும் சம்மதம் பெறப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், நான் அந்தப் பக்கம் நின்றவள். ஆய்வாளர் முதலில் தோட்ட அலுவலகத்துக்குப் போவார். அங்கே அனுமதி கிடைக்கும். நலன்புரி உத்தியோகத்தர் கூடவே வருவார். பகல் கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடையை இறக்கிவைத்த பெண்களை "நீங்க அஞ்சு பேர் இங்க வாங்க" என்று கூப்பிடுவார். சின்னத் தொரையின் (உதவி முகாமையாளரின்) மோட்டார் சைக்கிள் கொஞ்சம் தள்ளி நிற்கும். அந்த நேரத்தில் எந்தப் பெண் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்வாள்? பதில் சொல்லும் நேரத்தில் அவள் கொழுந்தும் எடுக்கவில்லை. அன்றைக்குக் கேட்கிற கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம். ஆய்வாளருக்கு அது கால்மணி நேர நேர்காணல், அவளுக்கு அது அன்றைய சம்பளம்.

மனிதர்களை உட்படுத்தும் மருத்துவ ஆய்வில் பங்குபற்றுபவரின் சம்மதத்தைக் கோரும் ஹெல்சிங்கி பிரகடனம் 1964இல் வந்தது. மருத்துவ விஞ்ஞான அமைப்புகளின் சர்வதேசப் பேரவை 2016இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சில சமூகங்களில் தலைவரிடமோ அதிகாரியிடமோ அனுமதி பெற்ற பிறகுதான் உள்ளே போகமுடியும். ஆனால் அந்த அனுமதி எந்த நிலையிலும் தனிமனிதரின் சம்மதத்துக்குப் பதிலாகாது. தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை. தொரை தரும் அனுமதி வாயிற்கதவைத் திறப்பதற்கு மட்டும்.

ஆகவே நாங்கள் இப்போது கட்டுரையாளரிடம் நேரடியாகக் கேட்கிறோம். நேர்காணல் எங்கே நடந்தது? பங்குபற்றியவர்களை அழைத்து வந்தது யார்? கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? எத்தனை பேர் மறுத்தார்கள்? ஒருவர்கூட மறுக்கவில்லை என்று பதில் வந்தால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, கவலைதான் வருகிறது. மறுக்க வழியிருந்த இடத்தில் நாலு பேராவது மறுத்திருப்பார்கள். நேர்காணலை ஞாயிற்றுக்கிழமையோ வேலை முடிந்த பிறகோ, அவரவர் காம்பராவில் (லயத்து அறையில்), அவர் சொல்லும் நேரத்தில் வைத்தால் பதிலே வேறு மாதிரி இருக்கும் என்பதையும் என் அனுபவத்தில் சொல்வேன். தரவின் தரமும் அதோடு சேர்ந்தே உயர்கிறது.

கையெழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. வயதான அம்மாக்கள் பேசச் சம்மதிப்பார்கள், தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னால் கையை இழுத்துக்கொள்வார்கள். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் இதைப் படிப்பறிவில்லாமை என்று எழுதிவிடுகிறார். அப்படியல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கையும் இந்தியாவும் இவர்களைப் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டோம் என்பதைப் பொறுத்து அண்ணன் இங்கேயும் தங்கை இந்தியாவிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தாளைக் கண்டு பயப்பட அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. இதற்கு வழி உண்டு. வாய்மொழியாகச் சம்மதம் வாங்கி, அவர் நம்பும் ஒருவரைச் சாட்சியாக வைத்துப் பதிவுசெய்யலாம். ஆனால் அப்படிச் செய்யப்போவதைப் பல்கலைக்கழக நெறிமுறை மீளாய்வுக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி எடுத்திருக்கவேண்டும். தரவெல்லாம் திரட்டிய பிறகு "ஒரு கடிதம் தாருங்கள்" என்று அந்தக் குழுவிடம் போய் நிற்பவர்களுக்கு நாங்கள் உதவமுடிவதில்லை. அனுமதி எண் இல்லாமல் வந்த நல்ல கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். வருத்தத்தோடுதான்.

பெயரை மறைத்தால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைப்பதும் நகரத்துப் பழக்கம். ஒரு கையெழுத்துப்பிரதியில் பெண்ணொருவரின் பெயர் மாற்றப்பட்டிருந்தது. ஆனால் கீழ்க்கணக்கு டிவிஷன், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள லயம், குவைத்துக்குப் போய் இரண்டு வருடத்தில் திரும்பியவர், கணவர் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை, மூத்த மகனுக்குக் கால் ஊனம் என்று எல்லாமே இருந்தது. தோட்டத்தின் பெயர் முறை விபரப் பகுதியில் இருந்தது. அந்த டிவிஷனில் யாரைக் கேட்டாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள் அவர் யாரென்று. வீட்டுக்குள் நடந்த அடிதடியைப் பற்றி அவர் சொன்னதுதான் கட்டுரையின் மையம். இது அச்சானால் அவருக்கு என்ன நடக்கும்?

நாங்கள் அந்தக் கட்டுரையாளரை அழைத்து ஒவ்வொரு விபரமாக எடுத்துப் பேசினோம். வாதத்துக்கு எது தேவை, எது நிறத்துக்காகச் சேர்ந்தது? குவைத் என்பது "மத்திய கிழக்கு" ஆனது. கணவரின் வேலை நீங்கியது, மகனின் ஊனம் நீங்கியது, தோட்டத்தின் பெயர் நுவரெலியா மாவட்டம் என்றானது. இடம் தெரியாமல் ஆய்வு பலவீனமாகிவிடும் என்று அவர் வாதாடினார். நான் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். வாசகருக்கு அந்தப் பெண்ணின் நிலை புரிந்தால் போதும், அவர் வீட்டுக்கு வழி தெரியத் தேவையில்லை. எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள்: இந்தப் பந்தியை அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருப்பவர் படித்தால் ஆளைக் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிப்பார் என்றால் இன்னும் வேலை இருக்கிறது.

இனிப் பணம் பறிக்கும் போலி இதழ்கள். பண்டாரவளைப் பக்கத்தில் ஆசிரியை ஒருவர் தம் முதுமாணி ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். "மதிப்பிற்குரிய பேராசிரியர்" என்று விளித்து, அவருடைய துறைக்குச் சம்பந்தமே இல்லாத தலைப்புள்ள சர்வதேச இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுப்பினார். சில நாட்களிலேயே ஒரு திருத்தமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள், கூடவே 100 டொலர் கட்டச் சொன்னார்கள். அது 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டிருந்தது. 36,000 ரூபாய். அன்றைக்குத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அவருடைய அம்மா அப்போதும் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மாவின் 36 பேர், 36 நாள் உழைப்பு. அவர் சந்தேகப்பட்டுக் கட்டுரையை விலக்கக் கேட்டதும், விலக்குவதற்கும் கட்டணம் என்றார்கள். கட்டவில்லை. அப்படியிருந்தும் கட்டுரையைத் தங்கள் தளத்தில் போட்டுவிட்டார்கள். அதனால் வேறு நல்ல இதழுக்கு அதே கட்டுரையை அனுப்பமுடியாமல் போனது.

அவர் எங்களிடம் வந்தபோது நாங்கள் சொன்ன வழி: தாம் பதிப்புரிமை மாற்றித் தரவில்லை, வெளியிடச் சம்மதிக்கவில்லை என்று திகதியோடு மின்னஞ்சல் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்வது, பின்பு ஆய்வேட்டின் பயன்படுத்தாத பகுதியிலிருந்து புதிய கேள்வியோடு புதிய கட்டுரை எழுதி, நடந்ததை முகப்புக் கடிதத்தில் ஒளிக்காமல் சொல்லி அனுப்புவது. அப்படித்தான் அவருடைய நல்ல கட்டுரை ஒன்று பிறகு வெளியானது.

இந்த வலையில் விழுந்தவர்களைக் குறைவாக எண்ணவேண்டாம். ஜோன் பொஹானன் என்ற விஞ்ஞான நிருபர் வேண்டுமென்றே பிழைகள் நிரப்பிய போலிக் கட்டுரையொன்றை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. இந்தச் சோதனையின் விபரம் 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று நம்பவேண்டாம். அது தொடர் வெளியீட்டுக்கான அடையாள எண், தரச்சான்று அல்ல. ஓர் இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டும் இம்பெக்ட் ஃபெக்டர் கிளாரிவேட் நிறுவனம் கணித்து வெளியிடுவது. அதைப் போலவே ஒலிக்கும் வேறு பெயர்களில் எண்கள் காட்டினால் விலகுங்கள். 2003 முதல் இயங்கும் திறந்த அணுகல் இதழ்களின் விபரத்திரட்டில் பெயரைத் தேடுங்கள். இலங்கை இதழ் என்றால் தேசிய விஞ்ஞான மன்றத்தின் பொறுப்பிலுள்ள இலங்கை ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பில் பாருங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள இருவரின் பெயரை எடுத்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள முகவரிக்கே எழுதிக் கேளுங்கள். "என் பெயர் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது" என்று பதில் வந்த அனுபவம் எனக்குண்டு. கட்டணம் கேட்கும் இதழ் எல்லாமே போலி என்றும் சொல்லமுடியாது. நல்ல திறந்த அணுகல் இதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன, எங்களைப் போன்ற நாட்டவர் கேட்டால் சில குறைக்கவும் செய்கின்றன. கேட்க வெட்கப்படவேண்டாம். ஆனால் கட்டணம் எவ்வளவு என்பது அனுப்புவதற்கு முன்பே தளத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

எழுத்துத் திருட்டு என்றதும் எல்லோரும் ஒப்புமை காட்டும் மென்பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். இருபது வீதத்துக்குக் கீழே வந்தால் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. மேற்கோள்களும் நூற்பட்டியலும் சேர்ந்தே அந்த எண்ணைக் கூட்டும். மறுபுறம் தமிழில் எழுதிய ஆய்வேட்டை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் பெயரில் அனுப்பினால் மென்பொருள் பெரும்பாலும் வாய் திறக்காது. எங்களிடம் ஒருமுறை அப்படி வந்ததைப் பிடித்துக்கொடுத்தது நூற்பட்டியல். தமிழ் ஆய்வேட்டில் ஒரு நூலின் ஆண்டு தவறாக அச்சாகியிருந்தது. ஆங்கிலக் கட்டுரையிலும் அதே நூலுக்கு அதே தவறான ஆண்டு, அதே வரிசை. மதிப்பீட்டாளர் அந்த ஆய்வேட்டைப் படித்தவராக இருந்தது அதிர்ஷ்டம். நாங்கள் குற்றம் சாட்டி எழுதவில்லை. இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்து, விளக்கம் கேட்டு, தவணை கொடுத்து எழுதினோம். திருப்தியான விளக்கம் வரவில்லை. கட்டுரையை நிராகரித்து, ஆய்வேட்டை எழுதியவருக்கும் நிறுவனத்துக்கும் அறிவித்தோம்.

மொழிபெயர்த்து வெளியிடுவதே தவறு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆங்கிலத்தில் வந்த உங்கள் கட்டுரையைத் தமிழில் கொண்டுவர நேரான வழி இருக்கிறது. இரண்டு இதழ்களின் ஆசிரியர்களும் சம்மதிக்கவேண்டும், முதல் வெளியீடு எங்கே எப்போது வந்தது என்று தமிழ்ப் பிரதியில் தெளிவாகப் போடவேண்டும். இதை யாராவது கேட்டு வந்தால் எங்கள் குழுவுக்குப் பெரிய மகிழ்ச்சி. மலையகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியது மலையகத்தில் படிக்கக் கிடைப்பது அரிது.

செயற்கை நுண்ணறிவு பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது ஆசிரியராக முடியாது என்று கோப் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது, பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதே காரணம். பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று எழுதுங்கள். அது தரும் நூற்பட்டியலில் இல்லாத நூல்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

மதிப்பீடு எங்களுக்குத் தலையாய சிரமம். மலையகம் பற்றித் தமிழில் எழுதுபவர்களின் வட்டம் சிறியது. பெயரை மறைத்து அனுப்பினாலும் முதல் பக்கத்திலேயே "இது அவருடைய எழுத்து" என்று தெரிந்துவிடும். ஆசிரியர், மாணவர், ஒரே தொழிற்சங்கம், ஒரே ஊர், உறவு என்று ஏதோ ஒரு கண்ணி இருக்கும். அதனால் மதிப்பீட்டாளரிடம் முதலில் ஒரே கேள்வி கேட்கிறோம்: எழுதியவர் யாரென்று ஊகிக்கிறீர்களா, ஊகித்தால் உங்களுக்கு அவரோடு என்ன தொடர்பு? எழுத்தில் பதில் வேண்டும். மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவரையாவது யாழ்ப்பாணம், மட்டக்களப்பு அல்லது தமிழகத்திலிருந்து எடுக்கிறோம். ஆசிரியர் குழுவில் உள்ளவரின் மாணவர் அனுப்பினால் அந்த உறுப்பினர் அந்தக் கோப்பைத் திறக்கவே கூடாது. இது முதலில் சிலருக்கு மனத்தாங்கலாக இருந்தது. இன்று யாரும் கேள்வி எழுப்புவதில்லை.

வெளியான பிறகும் பொறுப்பு முடிவதில்லை. மூன்றாம் உலக நாட்டு வறுமையைக் காட்டும் படமாக, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் இருந்த ஒரு குழந்தையின் முகம் தெளிவாகத் தெரியும் படம் எங்கள் இதழில் ஒருமுறை வந்தது. குழந்தையின் மாமன் கொழும்பில் கடையில் வேலை செய்பவர், தொலைபேசியில் அதைப் பார்த்துவிட்டு எங்களை அழைத்தார். "அண்ணே, உங்க அனுமதி இல்லாம போட்டது தப்பு, இன்னைக்கே எடுக்கிறோம்" என்று அன்று பொறுப்பிலிருந்த தம்பி சொன்னார். படத்தை எடுத்தோம். ஆனால் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு இருந்துவிடவில்லை. எந்தப் பக்கத்தில் எது, ஏன் நீக்கப்பட்டது என்று திருத்தக் குறிப்பு வெளியிட்டோம். முழுக் கட்டுரையையே மீளப்பெற நேர்ந்தாலும் கோப் சொல்லும் முறை இதுதான்: யார் மீளப்பெறுகிறார், என்ன காரணம் என்று அறிவிப்பில் இருக்கவேண்டும், பழைய கட்டுரை "மீளப்பெறப்பட்டது" என்ற குறியோடு தொடர்ந்து இருக்கவேண்டும். தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்திய அன்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 'லான்செட்' இதழில் 1998இல் வந்தது, 2010இல்தான் மீளப்பெறப்பட்டது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் எத்தனை பெற்றோர் பயந்து பின்வாங்கினார்கள் என்பதை நினைத்தால், திருத்தத்தைத் தள்ளிப்போட எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

அந்த மாமன் அழைத்ததால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. முறைப்பாடு செய்ய ஆய்வாளராக இருக்கவேண்டியதில்லை, ஆங்கிலமும் வேண்டியதில்லை. முதலில் இதழின் ஆசிரியருக்கு எழுதுங்கள். கட்டுரையின் தலைப்பு, பக்கம், எந்த வரி அல்லது படம், என்ன பிழை என்று குறிப்பிட்டால் போதும். பதில் வராவிட்டால் இதழை வெளியிடும் நிறுவனத்துக்கு எழுதுங்கள். இதழ் கோப் உறுப்பினர் என்றால், இதழின் சொந்த முறைப்பாட்டு வழிகள் முடிந்த பிறகு அங்கேயும் எழுதலாம். தரவு திரட்டிய விதமே பிழை என்றால், நெறிமுறை அனுமதி கொடுத்த பல்கலைக்கழகக் குழுவிடம் போகவேண்டும். இதற்கெல்லாம் கையில் ஒரு தாள் இருக்கவேண்டும். ஆகவே யாராவது வினாக்கொத்தோடு வாசலில் வந்து நின்றால், பேசத் தொடங்கும் முன் தகவல் தாளின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளரின் பெயர், நிறுவனம், நெறிமுறை அனுமதி எண், தொலைபேசி இலக்கம் நான்கும் அதில் தமிழில் இருக்கவேண்டும். இல்லையென்றால், கொண்டுவந்த பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.